ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகள்

எனக்கும் என் கணவருக்கும் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் அணுக்கருக்களைப் பற்றியவை. மற்ற வீடுகளில் எதற்கெல்லாம் குரல் உயருமோ அதில் எல்லாம் நாங்கள் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுவோம். ஓர் ஈய அணுக்கரு இன்னொன்றோடு மோதினால் எத்தனை துகள் வெளியே வரும் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் இருவரும் இறங்கிவர மாட்டோம். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

திருப்பதியில் ஒரே கைடிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததில் வந்த பழக்கம் அது. என் கணவர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரர், பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்ததால் ரகசியம் சொன்னால்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும். நான் வேலூர்ப் பக்கம். எங்கள் ஆராய்ச்சி அறையில் மற்ற எல்லாரும் தெலுங்கு. எனக்கு பஸ் ஏறவும் காய்கறி வாங்கவும் போதுமான தெலுங்குதான் தெரியும். சேர்ந்த புதிதில் வாயைத் திறக்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு மதியம் அவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாமே, ஊமையா நீ? எல்லாரும் துன்னப் போய்க்கினு கீறாங்க, நீ மட்டும் குந்திக்கினு கீற?"

அறையே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் "மே" போட்டுப் பேசுவது நெருங்கியவர்களிடம் மட்டும்தான். முன்பின் பழகாத பெண்ணிடம் பேசினால் அடி விழும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பல நாள் கழித்து ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததில் கோபப்பட மறந்துபோனேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதில் கனமான அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவைப்பார்கள். மோதிய இடத்தில், சூரியனின் நடுப்பகுதியைவிடப் பல மடங்கு சூடான ஒரு குழம்பு உண்டாகும். அது இருப்பது நினைத்துப் பார்க்க முடியாத அளவு சின்ன நேரம். அதற்குள் விரிந்து, ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடும். அதில் எத்தனை பயான், எத்தனை கேயான், எத்தனை புரோட்டான், எந்தப் பக்கம் எவ்வளவு என்று மோதலுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. எங்களைப் போலவே உலகமெங்கும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் துறையின் பழைய கம்ப்யூட்டர்களும், அடிக்கடி சத்தம் போடும் ஒரு யுபிஎஸ்ஸும்தான்.

கல்யாணமான புதிதில் என் மாமியார் இதைப் பற்றிக் கேட்டார். அவர் மகன் இப்படி விளக்கினார்:

"தோத்தாபுரி மாங்கா ரொம்பின லாரி ரெண்டு, சித்தூர் ரோட்டுல நேருக்கு நேர் மோதிக்குதுன்னு வெச்சிக்கோமா. எத்தினி மாங்கா ரோட்டுல உருளும், எத்தினி நசுங்கும், எத்தினி லாரிலயே நின்னுடும்னு மோதறதுக்கு முன்னயே சொல்லணும்."

மாமியார் கேட்டார்: "அவ்ளோ முன்னாலயே தெரியுதுன்னா மோதாம நிறுத்தறதுக்கு ஒருத்தரும் இல்லியா?"

மகன் சிரித்த சிரிப்பில் தறியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தனியாக இருக்கும்போது நான் அவரை "நீ" என்றும், மாமியார் முன்னால் "நீங்க" என்றும் கூப்பிடுவேன். மாமியார் முன்னால் நான் "நீங்க" சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவார்.

அவர் ஆராய்ச்சியை முடித்துவிட்டுச் சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போனார். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், அன்றைக்கு நான் ஓடவிட்ட சிமுலேஷனைத் திறந்து குறை சொல்ல ஆரம்பிப்பார். அந்தச் சமயத்தில்தான் ஈயத்துக்குப் பதிலாக ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் துறையில் எல்லாருக்கும் கை பரபரத்தது. ஆக்சிஜன் சின்னது. எட்டு புரோட்டான், எட்டு நியூட்ரான், அவ்வளவுதான். ஈயத்துக்குச் சரிவந்த கணக்கு இவ்வளவு சின்ன அணுக்கருவுக்கும் சரிவருமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

அந்தப் பதினாறும் பந்து மாதிரி ஒரே சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாலு நாலாகக் கொத்துச் சேர்ந்து, நாலு கொத்தும் ஒரு முக்கோணப் பிரமிடின் மூலைகளில் நிற்பது மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் கருத்து அவர் கண்டுபிடித்தது இல்லை, பழையதுதான். அதை எங்கள் கணக்குக்குள் கொண்டுவந்து, நேருக்கு நேர் மோதும் மோதல்களில் துகள்கள் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று காட்டியது அவர். வரைபடத்தில் என் கோடு கீழே போனது. அவர் கோடு வலது ஓரத்தில் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு மேலே போனது.

வாரக்கணக்கில் சண்டை. சாம்பார் கரண்டியும் கையுமாக நான் நின்று கத்தியதுகூட உண்டு.

"கொத்தா இருந்தாலும் மோதற நேரத்துல எல்லாம் கலங்கிடும். அது வெளியில தெரியவே தெரியாது."

"தெரியும்மே. நீ ஈயத்தையே பாத்துப் பாத்துக் கெட்டுப் போயிட்ட. இது சின்னது. சின்னதுல எல்லாமே தெரியும்."

கைடு ஏதாவது ஒரு கோட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்களால் முடியவில்லை. கடைசியில் என் கணவர்தான் சொன்னார்:

"ரெண்டையும் போட்டுடுமே. நம்ம சண்டைய ஊரே பாக்கட்டும்."

ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளையும் போட்டு, மோதல் தொடங்குவதற்கு முன்பே கட்டுரையை இணையத்தில் ஏற்றினோம். முன்னால் சொன்னால்தான் கணிப்பு, பின்னால் சொன்னால் அது சமாதானம் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஏற்றிய அன்றைக்கு அவரே காபி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"என் கோடு ஜெயிச்சா, ஒரு மாசம் நீ என்ன 'நீங்க'ன்னு கூப்புடணும். யாரும் இல்லாதப்பவும்."

"என் கோடு ஜெயிச்சா?"

"ஜெயிக்காது. அத்த ஏன் பேசிக்கினு."

அதற்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. ஒரு காலை வேளையில் எனக்கு போன் வந்தது. அவருடைய மாணவன். தெலுங்கில் படபடவென்று பேசினான். "சார்" என்பதும் "படிபோயாரு" என்பதும்தான் எனக்குப் பிடிபட்டது. விழுந்துவிட்டார். மாடிப்படியில் சறுக்கியிருப்பார், கால் பிசகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கால் வலித் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன். காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த பஸ்ஸில் கச்சேரி மாதிரிச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது. நானும் ஒரு தடவை சிரித்தேன். பாதி வழியில் மறுபடி போன். இந்த முறை கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் அம்மா பேசினார்.

"நீங்க இங்க வராதீங்கம்மா. நேரா வேலூர் போய்டுங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தி வேலூருக்குத்தான் அனுப்பிக்கினு கீறாங்க. போர்டுல எழுதிக்கினே இருந்தாரு, அப்டியே சரிஞ்சிட்டாரு."

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். இந்த வயதிலும் வருமா என்று கேட்டேன். வரும் என்றார் டாக்டர். என் கணவருக்கு வலது கை தூக்க வரவில்லை. கண் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பேச்சு இல்லை.

நான் விடாமல் பேசினேன். அம்மா வந்துகொண்டிருக்கிறார்கள், கைடு போன் பண்ணினார், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அவர் என் வாயையே பார்ப்பார். நர்ஸ் வந்து, "பேரு சொல்லுங்கண்ணா, உங்க பேரு?" என்று கேட்பாள். உதடு அசையும். சத்தம் வராது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அவருக்குத் துணையாக வந்திருந்த மகள், நாங்கள் படும் பாட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆரஞ்சுச் சுளையை உரித்து எங்களுக்கும் கொண்டுவந்தவள், என் கணவர் பக்கம் குனிந்து தெலுங்கில் கேட்டாள்:

"ஏமைந்தி பாபு?" என்ன ஆச்சு தம்பி?

"தல நொப்பி" என்றார் அவர்.

தலைவலி. தெளிவாக, அந்தத் தறிக்காரக் குரலில். நான் நர்ஸைத் தேடி வராந்தாவில் ஓடினேன். "பேசிட்டாரு, பேசிட்டாரு" என்று எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது? சொல்லு" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். அந்தப் பெண் அதையே தெலுங்கில் கேட்டாள். அவர் இடது பக்க நெற்றியைத் தொட்டுக் காட்டி, "இக்கட" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "மீரு தெலுங்கா?" என்று என்னைக் கேட்டாள். நீங்கள் தெலுங்கா?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் என்னைவிடச் சின்னப் பெண். ஒரு வாரம் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னையும் மாமியாரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"ரெண்டு மூணு பாஷை தெரிஞ்சவங்களுக்கு இப்படி ஆகறது உண்டு மேடம். ஒண்ணு வரும், ஒண்ணு வராது. வீட்டுப் பாஷைதான் முதல்ல வரணும்னு இல்ல. இவருக்குப் பள்ளிக்கூடத்துல படிச்ச பாஷை வந்திருக்கு."

"தமிழ்?"

"கொஞ்சம் புரியுது. பேச வரல. பின்னால வரலாம். வராமலும் போகலாம்."

"எப்போ தெரியும்?"

"முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது மேடம்."

கணிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன்.

"இப்போதைக்கு வந்த பாஷை ஸ்திரமா நிக்கணும்" என்றாள் அவள். "வீட்ல எல்லாரும் தெலுங்குலயே பேசுங்க. ரெண்டையும் கலந்தா அவருக்குக் குழப்பம், கோபம், அழுகை எல்லாம் வரும்."

"நான் அவர்கிட்ட தமிழ்ல பேசவே கூடாதா?"

"கொஞ்ச நாளைக்கு" என்றாள்.

திருப்பதி வீட்டுக்கு வந்தோம். மாமியாரும் கூடவே வந்தார். அவருக்கு நூல் வியாபாரிகளோடு பேசிப் பேசித் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெலுங்குக்கு மாறிவிட்டார். அதுவும் அல்லாமல், "அம்மா" என்பது இரண்டு மொழியிலும் "அம்மா"தான். அவர் படுக்கையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டால், அது பிறந்ததிலிருந்து கூப்பிட்ட அதே சொல், அதே குரல். என்னைக் கூப்பிட அவருக்கு ஒன்றுமில்லை.

"நீள்ளு இவ்வண்டி" என்பார் என்னிடம். தண்ணீர் கொடுங்கள். பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் பெண்களிடம் பேசப் பழகிய மரியாதைத் தெலுங்கு அது. அந்த மொழியில் அவர் யாரையும் காதலித்ததில்லை, யாரோடும் வீட்டில் இருந்ததில்லை. அதனால் என்னிடம் பேச அவரிடம் இருந்தது அது மட்டும்தான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் "அண்டி", நம் "ங்க" மாதிரி. நான் அவர் மனைவி என்பது அவருக்குத் தெரியும். என் தலைமுடியை ஒதுக்கிவிடுவார். தூங்கும்போது என் கையைத் தேடுவார். வாயைத் திறந்தால் மட்டும் ஏதோ விருந்தாளியாகத் தங்கியிருப்பவர் போல இருந்தது.

நான் தெலுங்கு கற்றுக்கொண்டேன். குழந்தைகளுக்கான வீடியோக்களைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு, தவறு தவறாகப் பேசி. என் தெலுங்கைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் கேலி செய்ய மாட்டார். பழைய மனிதர் என்றால் என்னை நாலு தெருவுக்குக் கேட்கும்படி கேலி செய்திருப்பார். இவர் பொறுமையாகத் திருத்தினார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, உள்ளே மாமியாரின் குரல் தாழ்வாகக் கேட்டது. மகனுக்குத் தலை சீவிவிட்டபடி தமிழில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மகன் பழைய கைத்தறிக் குழியில் விழுந்த கதை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"தமிழ்ல பேசக் கூடாதுன்னாங்களே அத்தை."

"தெரியும் கண்ணு." சீப்பில் இருந்த முடியைச் சுருட்டினார். "அவன் பேசட்டும்னு பேசல. நான் பேசணும் போல இருந்தது."

அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்கவில்லை. காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பேசவில்லை.

கணக்கும் போய்விட்டிருந்தது. ஒன்று, இரண்டு எண்ணுவார். கூட்டல் தட்டுத்தடுமாறி வரும். பெருக்கல் இல்லை. அவர் எழுதிய புரோகிராமைத் திறந்து ஒரு முறை காட்டினேன். அழகான கோலத்தைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடிவிடலாம் என்று கை காட்டினார்.

ஆக்சிஜன் மோதலின் முதல் முடிவுகள் வெளிவந்த அன்று நான் துறையில் இருந்தேன். கைடுதான் ஓடிவந்து சொன்னார். அங்கே அளந்து வெளியிட்ட புள்ளிகளை எடுத்து எங்கள் பழைய வரைபடத்தின் மேல் போட்டேன். இடது ஓரத்தில், உரசிக்கொண்டு போகும் மோதல்களில், இரண்டு கோடுகளும் ஒன்றாகத்தான் போகும். அங்கே புள்ளிகள் இரண்டின் மேலும் இருந்தன. வலது பக்கம் போகப்போக, நேருக்கு நேர் மோதும் இடத்தில், என் கோடு கீழே தங்கிவிட்டது. புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி அவர் கோட்டோடு போயின. இதை வைத்தே ஆக்சிஜனுக்குள் கொத்து இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று கைடு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஜெயிச்சிட்ட, ஜெயிச்சிட்ட என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

படத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயில். அவர் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மாமியார் கொடுத்த வேலை. நான் தாளை அவர் மடியில் வைத்தேன். கடலைத் தோலைத் தட்டிவிட்டுக் கவனமாகப் பார்த்தார்.

"ஈ சுக்கலு?" இந்தப் புள்ளிகள்?

"நிஜங்கா ஜரிகிந்தி" என்றேன். நிஜமாக நடந்தது. மோதலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதற்கு மேல் தெலுங்கு இல்லை.

அவர் மேல் கோட்டில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். புள்ளிகள் எல்லாம் அவர் விரலுக்கடியில் வந்தன. அது அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

"ஈ கீத எவரிதி?" இந்தக் கோடு யாருடையது?

"மீதி" என்றேன். உங்களுடையது. பந்தயத்தில் அவர் கேட்டது அந்த மரியாதைதான். வேறு வழியில்லாமல் அதைத்தான் நான் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாதா?" என்னுடையதா? பெரியவர்கள் ஏதோ நல்ல வார்த்தை சொன்னால் சிரிப்பது போலச் சிரித்தார். நம்பவில்லை. விரல் கீழ்க்கோட்டுக்குப் போனது. "மரி இதி?" அப்போ இது?

"நாதி." என்னுடையது.

அந்தக் கோட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வலது ஓரத்தில் புள்ளிகள் விலகிப்போவதைக் கண்டார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பர்வாலேதண்டி" என்றார்.

பரவாயில்லைங்க. தோற்றுப்போன எனக்கு ஆறுதல்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, யாருக்குக் கேட்கிறது என்றுகூடப் பார்க்காமல் தமிழில் கத்தினேன்.

"என்னாய்யா பரவால்ல? நீ ஜெயிச்சிட்டய்யா! நான் தோத்துட்டேன். சொல்லு, நான் அப்பவே சொன்னேன்னு சொல்லு. ஒரு தடவ திட்டேன்யா என்ன. என்கிட்ட சண்ட போடேன்."

அவர் பயந்துபோனார். அத்தனை தமிழ் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததில் அவர் முகம் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தார், மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒன்று உள்ளேயிருந்து வரப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்தது "ஏடவகண்டி" என்பதுதான். அழாதீர்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். மாமியார் ஓடிவந்து எங்கள் இரண்டு பேர் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடலை வாசலெங்கும் சிதறியிருந்தது.

சில மாதம் கழித்துத் தமிழ் பேசலாம் என்று அனுமதி வந்தது. முயற்சி செய்தோம். தண்ணி, சோறு, வா என்று சில சொற்கள் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணே ஒரு நாள், அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம் மேடம், இப்போது நிம்மதியாக இருக்கிறார் என்றாள். நிம்மதியாகத்தான் இருந்தார். அதை நான் மறுக்க முடியாது.

நான் ஒருத்தி சம்பாதித்தாக வேண்டும். சித்தூரில் அவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே அவர் எடுத்த பாடங்களை எனக்குக் கொடுத்தார்கள். அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அவரை நாளெல்லாம் தனியாக விட முடியாது. மாமியார் நகரிக்கு அழைத்துப் போனார். அங்கே தறிக்கு வந்து போகிறவர்கள் இரண்டு மொழியும் பேசுவார்கள், ஆள் நடமாட்டம் இருக்கும். நான் வாரா வாரம் சனிக்கிழமை போய் ஞாயிறு இருந்துவிட்டு வருவேன். அவர் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டுக்கே வந்து நிற்பார். பையை வாங்கிக்கொள்வார். "தின்னாரா?" என்று கேட்பார். சாப்பிட்டுவிட்டேன் என்பேன்.

என் ஆராய்ச்சிப் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அவரும் மாமியாரும் நகரியிலிருந்து திருப்பதிக்கு வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், பெங்களூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த இரண்டு கோடுகளின் படத்தை மறுபடி போடச் சொன்னார்.

"கொத்தாக வைத்துப் பார்க்கும் யோசனை யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் என் கணவரைக் கைகாட்டினேன். அறையில் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர், தனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. மாமியார் அவர் முதுகைத் தொட்டு, "நின்னேரா" என்றார். உன்னைத்தான்டா. அவர் எழுந்து எல்லாருக்கும் கைகூப்பினார். கைதட்டினார்கள்.

பிறகு எல்லாரும் சாப்பிடப் போனோம். தேர்வாளர் நல்ல மனிதர். விஷயம் ஓரளவு கேள்விப்பட்டிருந்தார் போலிருக்கிறது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

"அம்மா தக்கர" என்றார் என் கணவர். அம்மாவிடம். பிறகு, விட்டுப்போனதைச் சேர்ப்பவர் போல என்னைக் காட்டி, சந்தோஷமாகச் சொன்னார்: "ஈவிட சனிவாரம் வஸ்தாரு."

இவங்க சனிக்கிழமை வருவாங்க.

தேர்வாளர் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான், "அவுனு, ப்ரதி சனிவாரம்" என்றேன். ஆமாம், ஒவ்வொரு சனிக்கிழமையும். மாமியார் மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை காய்த்துப்போன கை, விடவே இல்லை.

மாலையில் பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ் முதலில் வந்தது. அவர்களை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவர் பஸ் திரும்பும் வரை கையசைத்தார். எனக்குக் காலையில் முதல் வகுப்பு இருந்தது. சித்தூர் பஸ்ஸைத் தேடிப் போனேன். மறுநாள் சனிக்கிழமை.